இன்று வீடு இஸ்ஸா, ஆரா?

நவம்பர் 3, திங்கள்

இந்த நோட்டில் நூறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் எண் அடித்து, ஊதா முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். வெளியே போகிற அன்று ஓர் அதிகாரி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் திருப்பித் தருவாராம். ஆகவே, படிக்கப்போகும் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் கையெழுத்தால் உங்களுக்குக் கண்வலி வராது. முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் எழுதிய கை.

என் பெயர் தர்மலிங்கம். அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஓர் அரசுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்க எங்கள் ஒன்பது பேரை அழைத்து, திரைபோட்ட வேனில் ஏற்றி, இந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். எந்த ஊர் என்று தெரியாது. தண்ணீர் உப்புக் கரிக்கிறது, பக்கத்தில் ரயில் போகிறது. அவ்வளவுதான் துப்பு. செல்போனைத் துணிப்பையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். என் டோக்கன் எண் ஏழு.

பரீட்சை 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்று மதியம் ஒரு மணிக்கு விடைத்தாளை வாங்கிய பிறகுதான் எங்களுக்குக் கதவு திறக்கும்.

வந்ததும் ஓர் உறுதிமொழிப் படிவம். 'என் இரத்த உறவினர் யாரும் இந்தத் தேர்வை எழுதவில்லை.' கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். வீட்டில் இருப்பது சௌந்தரமும் சுடர்விழியும்தான். மனைவி பஞ்சாங்கம் தவிர வேறெதுவும் படிப்பதில்லை. மகள் பரீட்சை எழுதுவதையே விட்டு இரண்டு வருடமாகிறது.

வீட்டில் டிரெய்னிங் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் உத்தரவு. "எத்தன நாளுப்பா?" என்று சுடர் கேட்டாள். மூன்று வாரம் என்றேன். முகம் சட்டென்று மலர்ந்துவிட்டது. அப்பன் மூன்று வாரம் இருக்கமாட்டான் என்றால் இவ்வளவு சந்தோஷமா? பெற்ற வயிறு எரியும் என்பார்கள், எனக்கு இருப்பது வெறும் தொப்பை; அதுவே கொஞ்சம் எரிந்தது.

இன்னொரு எரிச்சலும் உண்டு. என் நீல அட்டை நோட்டு காணவில்லை. இருபத்தைந்து வருடமாக நான் சேர்த்த இலக்கண வாக்கியங்கள் அதில்தான் இருக்கின்றன. பீரோவைப் புரட்டிப் போட்டும் கிடைக்கவில்லை. பழைய பேப்பர்காரனுக்குப் போயிருக்கும் என்றாள் சௌந்தரம், அவ்வளவு அமைதியாக.

நவம்பர் 4, செவ்வாய்

எனக்கு ஒதுக்கியது பன்னிரண்டு கேள்விகள். தனி ஆள், கூட்டம், ஒருமை, பன்மை. ஒருமைக்கு 'இஸ்', பன்மைக்கு 'ஆர்'. வகுப்பில் முப்பத்தோரு வருடமாக நான் கேட்டுவரும் கேள்வி "இஸ்ஸா, ஆரா?" என்பதுதான். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் இஸ்ஸாரா. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்விகளை இந்த நோட்டில் எழுதக் கூடாது. கிறுக்கிப் பார்க்கிற தாளுக்கும் எண் உண்டு. தினமும் மாலை நாலு மணிக்கு ஒன்பது பேரும் முற்றத்தில் நிற்க வேண்டும். வேண்டாத தாள்களைத் தலைவர் ஒவ்வொன்றாக எண்ணி இரும்புப் பீப்பாய்க்குள் போடுவார். தீ வைத்து, சாம்பலைக் கம்பியால் கிளறி, எல்லோரும் பார்த்தோம் என்று கையெழுத்துப் போட்டால்தான் டீ கிடைக்கும்.

தலைவர் பெயர் தணிகாசலம். ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர். எதையும் 'நாம்' என்றுதான் சொல்வார். "நாம் இப்போ சாப்பிடப் போறோம்" என்பார், அவர் மட்டும் எழுந்து போவார்.

நவம்பர் 6, வியாழன்

என் அறையில் இன்னொருவர் மஜீத் பாய். வாணியம்பாடிக்காரர், வரலாற்றுக் கேள்விகள் அவர் பொறுப்பு. குறட்டை விடுவார், ஆனால் காலையில் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டுவிடுவார். மன்னிப்புக் கேட்கிற குறட்டையை என்ன செய்வது?

இன்று ஒரு கேள்வி தள்ளுபடியானது. தள்ளியதை எழுதலாம் என்று அனுமதி. 'கமிட்டி' என்ற சொல்லுக்கு ஒருமை வினையா, பன்மை வினையா? கமிட்டி ஒரே முடிவாக இருந்தால் ஒருமை. உறுப்பினர்கள் ஆளுக்கொரு திக்காக இழுத்தால் பன்மை என்பாரும் உண்டு. இதைப் பற்றி எங்கள் கமிட்டி ஒன்றரை மணி நேரம் ஆளுக்கொரு திக்காக இழுத்தது. ஜெயசீலிதான் முடித்துவைத்தார். நாகர்கோவில் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவர், என் கேள்விகளைச் சரிபார்ப்பது அவர் வேலை.

"சார், இத எழுதப்போற பிள்ளைய நெனச்சுப் பாருங்க. நமக்கே ஒரு முடிவு இல்லாத்தத அதுககிட்ட எதுக்குக் கேக்கணும்?"

வாசலில் காவலுக்கு ஒரே ஒரு கான்ஸ்டபிள். போலீஸ் என்ற சொல் ஆங்கிலத்தில் எப்போதும் பன்மைதான், ஆகவே இலக்கணப்படி நம் வாசலில் ஒரு பட்டாளமே நிற்கிறது என்றேன். மஜீத் பாய் சிரித்ததில் சாம்பார் மூக்கில் ஏறிவிட்டது.

நவம்பர் 7, வெள்ளி

மழை. சன்னல்களுக்கு வெளிப்பக்கம் பலகை அடித்திருப்பதால் சத்தம் மட்டும் கேட்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

வாரம் ஒருமுறை அலுவலகத்திலிருந்து ஒருவர் நம் வீட்டுக்குப் போன் செய்து, மூன்று வரியில் ஒரு சீட்டு எழுதிக் கொண்டுவருகிறார். நாமும் ஒரு வரி சொல்லி அனுப்பலாம். சௌந்தரத்தின் குரலை இன்னொருவர் கையெழுத்தில் படிப்பது ஒரு மாதிரியாக இருக்கிறது. 'அனைவரும் நலம். பின்பக்கச் சுவர் ஒழுகுகிறது. மாத்திரையை மறக்க வேண்டாம்.'

நான் சொல்லி அனுப்பியது: 'நீல நோட்டு கிடைத்ததா?'

ஜெயசீலியின் சீட்டில் என்ன இருந்தது என்று தெரியாது. வாங்கிப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போனவர் அரைமணி நேரம் வரவில்லை. குழந்தைக்கு எட்டு மாதம். அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். பால் கட்டிக்கொண்டு நாலு நாளாகக் காய்ச்சல் என்று மஜீத் பாய் சொன்னார். நாங்கள் மூக்கில் ஏறிய சாம்பாருக்குச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நவம்பர் 11, செவ்வாய்

பன்னிரண்டையும் முடித்துவிட்டேன். நோட்டு இல்லாமலே. எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது, குழாயைத் திறந்ததுபோல் கொட்டியது. எண்கள்கூட மாறாமல் வந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயசீலி படித்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லாருக்கு சார். புஸ்தகத்துல உள்ளது மாதிரி இல்ல. யாரோ வீட்டுக்குள்ள பேசிட்டு இருக்கது மாதிரி இருக்கு. எங்கருந்து பிடிச்சீங்க?"

"இங்கிருந்துதான்" என்று தலையைத் தட்டிக் காட்டினேன். இந்த ஒன்பது நாளில் முதல்முறையாகச் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 13, வியாழன்

மாடிப்படியின் முப்பத்திரண்டு படிகளை ஏறி இறங்குவதுதான் நடைப்பயிற்சி. இன்று பதினெட்டு தடவை. மேல்படியில் நின்றால் பலகை இடுக்கு வழியாக ஒரு வேப்பமரத்தின் பாதி தெரியும். அந்தப் பாதிக்கு ஐந்தரை மணிக்கெல்லாம் வரிசை நிற்கிறது.

சுடர் ஞாபகம் வந்தது. கடைசியாக அவள் என்னிடம் ஏதாவது கேட்டது எப்போது? 'எத்தன நாளுப்பா' என்பதைத் தவிர. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சின்ன மனஸ்தாபம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

நவம்பர் 16, ஞாயிறு

சீட்டு வந்தது. 'அனைவரும் நலம். நீல நோட்டு வீட்டில்தான் உள்ளது, சுடர் வைத்திருக்கிறாள். வரும் ஞாயிறு அவள் விருதுநகர் போய் மாலை திரும்புவாள்.'

சுவர் ஒழுகுவதைப் பற்றி ஒன்றும் இல்லை. தலைவலி. படுக்கப் போகிறேன்.

நவம்பர் 17, திங்கள்

காலை இட்லி. மதியம் வாழைக்காய்ப் பொரியல். படி ஏறவில்லை.

மஜீத் பாய் இரண்டு தடவை கேட்டார். "என்ன சார், ஒரு மாதிரி இருக்கீங்க? வீட்ல ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்ல பாய். வாழைக்காய் வாயு."

அதிகாரி ஐயா, நேற்றைய பக்கத்தை நீங்கள் படித்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். உங்கள் உத்தியோகமே அதுதானே. ஒரு பெண், அப்பா வெளியூர் போகும் சமயம் பார்த்து இலக்கண நோட்டை எதற்காக எடுத்து ஒளித்துவைப்பாள்? 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் அவளுக்கு என்ன வேலை? வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்பது எனக்குத் தெரியும். நானே ஒருநாள் விரல்விட்டு எண்ணியிருக்கிறேன். எண்ணிவிட்டு, அவள்தான் விட்டுவிட்டாளே என்று இருந்துவிட்டேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சின்ன மனஸ்தாபம் என்று எழுதினேனே, அது பொய். போனதடவை அவள் ஒன்றரை மதிப்பெண்ணில் தேர்வை விட்டாள். ஒரே ஒரு கேள்வி. அடுத்த மாதம் சாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெண் என்ன செய்கிறாள் என்று பையனின் சித்தப்பா கேட்டார். அவள் காபித் தட்டோடு நிற்கிறாள். நான் சொன்னேன்: "பரீட்ச எழுதுறதுதான் இவளுக்கு வேல. வாத்தியார் மகதான், ஆனா இஸ்ஸா ஆரான்னு இன்னும் தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைவிட நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அவள் தட்டை டீப்பாயில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து ஒரு சந்தேகம்கூட என்னிடம் கேட்டதில்லை. அந்த இடமும் தட்டிப்போய்விட்டது.

வாயா இது. கழுவாத சட்டி.

இப்போது கணக்கு இதுதான். நான் எழுதிய பன்னிரண்டு கேள்விகளும் அந்த நோட்டிலிருந்து, வரி பிசகாமல், என் தலை வழியாக வந்தவை. அவள் அந்த நோட்டை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். பன்னிரண்டு கேள்விக்குப் பதினெட்டு மதிப்பெண். ஒன்றரையில் விட்டவளுக்குப் பதினெட்டு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நான் யாருக்கும் எதையும் சொல்லவில்லையே. இருபது வருடத்துக்கு முன் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதெல்லாம் கசியவிட்ட குற்றமாகுமா?

ஆகும். என்றாவது ஒருநாள் யாராவது ஒரு மனுப் போட்டால், அப்பன் கேள்வி போட்டான், மகள் எழுதினாள் என்றுதான் ஆகும். அவள் தேர்வாகி வேலையில் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பி அனுப்புவார்கள். திருடி என்ற பெயரோடு. அவள் இரண்டு வருடம் எனக்குத் தெரியாமல் படித்த படிப்பு முழுவதும் என்னால்தான் என்றாகிவிடும்.

கேள்வித்தாள் 19ஆம் தேதி காலை அச்சுக்குப் போகிறது. ஒருவேளை நான் சொன்னால் பரீட்சையையே தள்ளிவைத்துவிடுவார்களோ? அப்படியானால் ஒன்பது பேரும் பொங்கல்வரை உள்ளேதான். ஜெயசீலியின் குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கிவிடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பயந்தாங்கொள்ளி என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதையெல்லாம் இங்கே எழுதினேன். இது 31ஆம் பக்கம். முத்திரை இருக்கிறது. கிழிக்க முடியாது.

நவம்பர் 18, செவ்வாய்

காலை பத்து மணிக்குத் தலைவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். நின்றுகொண்டே, இரண்டு நிமிடத்தில்.

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். பிறகு சன்னல் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தர்மலிங்கம், நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல. கீழ போயி ஒரு டீ சாப்டுங்க. பத்து நிமிஷம் கழிச்சு வாங்க. அப்பவும் ஏதாவது சொல்றதுக்கு இருந்தா சொல்லுங்க. இல்லன்னா நாம நாளைக்கு அச்சுக்கு அனுப்பறோம்."

கெட்ட மனிதர் இல்லை. எனக்கும் அவருக்கும் மற்ற ஏழு பேருக்கும் ஒரு வாசலைத் திறந்து வைத்தார். அதன் வழியாக நான் போயிருக்கலாம்.

டீ குடித்தேன். சர்க்கரை அதிகம். திரும்பிப் போய், மகள் பெயரிலிருந்து தொடங்கி மறுபடி முழுதாகச் சொன்னேன்.

"நாம எல்லாருமா ஒரு உறுதிமொழில கையெழுத்துப் போட்டிருக்கோம், ஞாபகம் இருக்கா?" என்றார் அவர். குரல் மாறிவிட்டது.

"இருக்கு ஐயா. இதுல நான் மட்டும் போடுறேன்."

மேலிடத்துக்குப் போன் பேச அவருக்கு மட்டும் ஒரு தனி இணைப்பு உண்டு. அரைமணி நேரம் பேசினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

முடிவு இது. என் பன்னிரண்டும் போகும். நாளைக் காலைக்குள் வேறு பன்னிரண்டு எழுதிவிட்டால் பரீட்சை தள்ளிப்போகாது. நான் உள்ளேயே இருப்பதாலும், புதிய கேள்விகள் என் கண்ணில் படப்போவதில்லை என்பதாலும், மகள் எழுதத் தடை இல்லை. இனி என்னை இந்த வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். நான் இங்கே இருந்தேன் என்பதையும், இந்தக் கேள்வித்தாளைப் பற்றி எதையும், இந்தத் தேர்வை எழுதியவர் எவரிடமும் எந்தக் காலத்திலும் பேசமாட்டேன் என்று கையெழுத்து. மகளிடமும். 'நாங்கள்' என்று அச்சடித்திருந்த இடத்தை அடித்துவிட்டு, 'நான்' என்று தலைவரே பேனாவால் எழுதினார்.

ஜெயசீலியைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோகாததுதான் ஆச்சரியம்.

"பன்னெண்டா? இன்னைக்குள்ளயா?" தலைவரைப் பார்த்து அவர் குரல் உயர்ந்தது. "சார், எனக்கு நிக்கதுக்கே தெம்பு இல்ல, உடம்பு கொதிக்கி." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க மகளுக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

"எம்பிள்ளைக்கு எட்டு மாசம். ஞாயித்துக்கிழமைக்கு மேல ஒரு நாள் ஆச்சுன்னா நான் சொவரேறிக் குதிச்சிருவேன், பாத்துக்கிடுங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "தாள எடுங்க" என்றார் தலைவரிடம். "நீங்க வெளிய போங்க சார்."

நாலு மணிக்கு முற்றத்தில் என் தாள்களை எண்ணினார்கள். மழைத் தூறலில் தீ பிடிக்கவே இல்லை, மஜீத் பாய்தான் குனிந்து ஊதினார். பார்த்தேன் என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 19, புதன்

வேலைக் கூடத்துக்குள் எனக்கு அனுமதி இல்லை. மற்றவர்கள் போனதும் எங்கள் அறையை வெளியே தாழிடுகிறார்கள். பூட்டிய கட்டடத்துக்குள் பூட்டிய அறை. சாப்பாட்டு மேசையில் பேச்சு, நான் உட்கார்ந்ததும் பருப்பைப் பற்றியதாக மாறிவிடுகிறது.

அந்தப் பன்னிரண்டும் இனி கேள்விகள் இல்லை. சாம்பல். ஆகவே எழுதலாம்.

'சீப்பில் இருந்த பழம் ஒவ்வொன்றும் அழுகிவிட்டது.' இது சுடருக்கு ஒன்பது வயதில். நான் பேரம் பேசி வாங்கி வந்த பச்சைப்பழம் ஒரே வாரத்தில் கறுத்துவிட்டது. சௌந்தரம் என்னைத் திட்டிக்கொண்டிருக்க, 'ஒவ்வொன்றும்' என்று வந்தால் எத்தனை பழம் இருந்தாலும் ஒருமைதான் என்று இவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "அப்போ ஒரு பழத்துக்கு மட்டும் திட்டு வாங்குங்கப்பா" என்றாள்.

'ஐம்பது கிலோமீட்டர் நீண்ட தூரம்.' எண்ணிக்கை ஐம்பதானாலும் தூரம் ஒன்றுதான், ஒருமை. இது மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் கல்லூரி போனபோது. முதல் நாள் போய்வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "இது கண்டிப்பா ஆர் தான்ப்பா, நான் ஒவ்வொண்ணா எண்ணிட்டு வந்தேன்" என்றாள்.

பிறகு, 'ஒரே மனதாக இருக்கும் குடும்பம்' என்று ஒரு வாக்கியம். வீட்டார் ஒரே மனதாக இருந்தால் 'இஸ்', ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தால் 'ஆர்' என்று ஒரு தீபாவளிச் சண்டையின்போது அவளுக்குச் சொல்லிவைத்தேன். அதிலிருந்து பள்ளிவிட்டு வந்ததும் படியில் நின்று குரல் கொடுப்பாள்: "அம்மா, இன்னைக்கு வீடு இஸ்ஸா, ஆரா?" சௌந்தரம் அடுப்படியிலிருந்தே பதில் சொல்வாள். 'ஆர்' என்று வந்தால் பையை வைத்துவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போய்விடுவாள். ஏழாம் வகுப்புவரைகூடப் படிக்காத சௌந்தரம் அதில் ஒருநாளும் தப்பு விட்டதில்லை.

மற்ற ஒன்பதும் இப்படித்தான். ஒவ்வொன்றிலும் அவள் இருக்கிறாள். எழுதும்போது இது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? குழாயைத் திறந்ததுபோல் கொட்டியது என்று பெருமைப்பட்டுக்கொண்டேனே.

இரண்டு வருடமாக வீடு ஆர் தான். அவள் கேட்காததால் நான் கவனிக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

மஜீத் பாய் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கே வந்துவிட்டார். "அங்க ஃபேன் காத்து சரியில்ல சார்" என்றார். அங்கே மூன்று ஃபேன், இங்கே ஒன்று.

நவம்பர் 21, வெள்ளி

ஒன்றுமில்லை.

நவம்பர் 22, சனி

நாளை இந்நேரம் அவள் எழுதி முடித்திருப்பாள். ஹால் டிக்கெட், அடையாள அட்டை, இரண்டு கறுப்பு மைப் பேனா. சொல்ல ஆள் இல்லாமல் சுவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. முதலில் தெரிந்ததைப் போடு. அப்பா நோட்டில் உள்ளது வராது, பதறாதே.

பதறுவாள். முதல் கேள்வியைத் தேடுவாள், இல்லை. அடுத்தது, இல்லை. பன்னிரண்டும் இல்லை. இத்தனை நாளாகத் தப்பான குதிரையில் உட்கார்ந்திருந்தோம் என்று நினைப்பாள். அந்த நிமிடத்தில் அவள் எதையாவது தப்பாகப் போட்டால் அதற்கும் நானேதான் காரணம்.

மாலை ஜெயசீலி படிக்கட்டில் எதிரே வந்தார். நான் ஒதுங்கினேன். கடந்துபோனவர் நின்று, திரும்பாமலே பேசினார்.

"புத்திசாலிப் பிள்ளையா இருந்தா போட்டுரும் சார். நான் கஷ்டமா எழுதேல்ல."

நவம்பர் 23, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். இனி இதைப் படிக்க அதிகாரி இல்லை என்பதால் பரவாயில்லை. அவர் இன்று காலையிலேயே படித்து முடித்து, முத்திரை போட்டுத் தந்துவிட்டார். ஒரு வரியும் அடிக்கவில்லை. 31ஆம் பக்கத்தின் மூலையை மட்டும் யாரோ மடித்து, பிறகு நிமிர்த்திவைத்திருக்கிறார்கள்.

ஒன்று ஐந்துக்குக் கதவு திறந்தது. வெயிலுக்குக் கண் கூசியது. முழு வேப்பமரத்தையும் பார்த்தேன். ஜெயசீலி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஒரு ஆட்டோவைப் பார்த்து ஓடினார். மஜீத் பாய் என்னை மார்போடு அணைத்துக்கொண்டார். தணிகாசலம் வேனின் முன் இருக்கையில் இருந்து கையை மட்டும் உயர்த்தினார்.

டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கினேன். வீட்டுக்குப் போட்டேன். சௌந்தரம் எடுத்ததும், "சுடர் வெளிய போயிருக்கா, நீங்க அவளுக்குப் போன் பண்ணி எதுவும் கேக்காதீங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாள். சரி என்று சொல்லிவிட்டு, கேட்காமல் இருக்க முடியுமா என்று பஸ் ஸ்டாண்டில் கால்மணி நேரம் நின்றேன். அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, டிரெய்னிங் முடிஞ்சிருச்சாம்ல, அம்மா சொன்னா."

"முடிஞ்சிருச்சும்மா."

"ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

திட்டக் கூடாது என்று சொல்லவில்லை. சிரிக்கக் கூடாது என்றாள்.

"சிரிக்கமாட்டேன். சொல்லு."

"இன்னைக்குப் பரீட்ச எழுதுனேன். விருதுநகர்ல. ஒங்க நீல நோட்ட நாந்தான் எடுத்தேன்." மூச்சு வாங்கினாள். பின்னால் பஸ்காரன் ஊர் பேரைக் கூவும் சத்தம். "ஆனா அதுல உள்ளது ஒண்ணுகூட வரலப்பா. இஸ்ஸா ஆரா பன்னண்டு கேள்வி வந்துச்சு. ஒண்ணுகூட நம்ம வீட்டுது இல்ல. மொதல்ல அழுகையே வந்துருச்சு."

"பெறகு?"

"பெறகு என்ன, எழுதுனேன். வாழப்பழத்த மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாப் போட்டேன். பதினொண்ணு சரியா வரும்னு நெனக்கேன். ஒண்ணே ஒண்ணுதான் ஒதைக்குது." கொஞ்சம் தயங்கினாள். "ஒங்ககிட்டக் கேக்கவா?"

இரண்டு வருடம் ஆயிற்று, இந்த வார்த்தையைக் கேட்டு.

"ஒரு ஜோடி செருப்பக் காணோம்னு ஒரு வாக்கியம். ஜோடிய எடுத்துக்கணுமா, செருப்ப எடுத்துக்கணுமா? இஸ்ஸா, ஆரா?"

அவள் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் விடை என் நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது. முப்பத்தோரு வருடப் பழக்கம். சட்டைப்பையில் நான் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் இருந்தது. எவரிடமும், எந்தக் காலத்திலும். விடையை விழுங்கினேன்.

"எனக்குத் தெரியலம்மா."

"என்னது?"

"எனக்குத் தெரியல."

அவள் சிரித்தாள். என் மகள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

"ஒங்களுக்கே தெரியலயா? இஸ்ஸாரா வாத்தியாருக்கேவா?"

"எனக்கே தெரியல."

"அப்போ நான் முழிச்சதுல தப்பே இல்லப்பா" என்றாள். குரல் அவ்வளவு லேசாக இருந்தது. "சரி, பஸ் வந்துருச்சு. நீங்க எப்ப வருவீங்க?"

"எட்டு மணி ஆயிரும்."

"சாப்பிடாமக் காத்திருக்கோம், வாங்க."

அவள் வைக்கப் போனாள். நான்தான் அவசரமாக, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி, கத்திக் கேட்டேன்.

"சுடரு, இன்னைக்கு வீடு இஸ்ஸா, ஆரா?"

"வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.